விளிம்பைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் சில மாதங்களாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் தோட்டத்தை விட்டுப் பட்டணத்து வரிசை வீட்டுக்குக் குடிவந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. "வீட்டில் ஆள் கூடிவிட்டது, அறை போதவில்லை. செங்கல் சுவர் எழுப்பக் கையில் பணமில்லை. ஜிப்சம் பலகையில் தடுப்புப் போட்டால் சுவர் போல வழவழப்பாக வருமா? சில வீடுகளில் கோடு கோடாகப் பிளந்து நிற்கிறதே, அது ஏன்?" என்று கேட்கிறார்கள்.

வழவழப்பாக வரும். ஆனால் அது கடைசியில் பூசுகிற சாயத்தில் வருவதில்லை. கடையில் பலகையைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி, விளிம்போடு விளிம்பு சேரும் இடத்தை எப்படி மூடுகிறோம் என்பதில் இருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பணத்தைக் கொட்டி, என் தாயாரிடம் தலைகுனிந்து நின்று கற்றுக்கொண்டேன். அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் அறை

என் தாயார் தோட்டத்து லயத்திலேயே வாழ்ந்தவர். தோட்டம் கைமாறி, லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்றானபோது அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். முழங்கால் வலியால் மாடிப்படி ஏற அவரால் இயலாது. ஆகவே கீழே கூடத்தைத் தடுத்து அவருக்கென்று ஓர் அறை செய்துகொடுக்க முடிவு செய்தோம். தடுப்பின் நீளம் 12 அடி. தரையிலிருந்து சீலிங் வரை உயரம் 10 அடி. நடுவில் ஒரு கதவு.

கடையில் இரண்டு வகைப் பலகை இருந்தது. ஒன்றின் ஓரம் சற்றுச் சரிந்திருந்தது. மற்றது நேராக இருந்தது. நேராக இருந்தது மிச்சம் கிடந்த சரக்கு. பலகைக்கு 3 வெள்ளி குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். 8 பலகைக்கு 24 வெள்ளி மிச்சம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு மகிழ்ந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நான் போட்ட கணக்குகளிலேயே மட்டமான கணக்கு அதுதான்.

வேலைக்கு வந்தவர் இரண்டே நாளில் தடுப்பை நிறுத்திவிட்டார். 8 அடிப் பலகைகளைச் செங்குத்தாக வைத்து, மேலே மிஞ்சிய 2 அடிக்குத் துண்டுகளை வெட்டி ஒட்டினார். இடுக்குகளில் சாதாரணப் பட்டியைத் திணித்து, தேய்த்து, சாயம் அடித்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாமி படத்துக்குப் பூ வைத்து, பால் காய்ச்சி, அம்மாவை அறையில் குடியேற்றினோம்.

மூன்று மாதம் ஆவதற்குள் சுவரின் மேற்பகுதியில் ஒரு கோடு தெரிந்தது. பிறகு அது 12 அடி நீளத்துக்கும் ஓடியது. அதன்பின் செங்குத்துக் கோடுகள் வந்தன. கதவை அடைக்கும்போதெல்லாம் தூள் உதிர்ந்தது. ஒரு நாள் இரவு அம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, சுவரு பொளந்துகிட்டு வருதே, ராத்திரி தலையில விழுந்துடாதா? நான் வேணும்னா கூடத்திலயே படுத்துக்கிறேன்யா" என்றார்.

சுவர் விழாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வயதான மனுஷி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே தூங்காமல் கிடந்திருக்கிறார். சொந்த வீட்டை விட்டு வந்தவருக்குக் கொடுத்த அறை இப்படியா இருக்கவேண்டும் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு நண்பர் ஒருவர் மூலம் வேறொருவரை அழைத்து வந்தேன். சிங்கப்பூர்க் கட்டடங்களில் பல ஆண்டுகள் இந்த வேலையே பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். "வாத்தியாரே, பலகை மேல குத்தமில்ல. வெளிம்புதான் தப்பு. அதுவும் நீங்க வாங்கிக் கொடுத்ததுதானே?" என்றார். அந்த அண்ணனிடம் கற்றதையும், பின்னர் நானே விசாரித்து அறிந்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

பலகை என்பது என்ன?

ஜிப்சம் என்பது மண்ணில் கிடைக்கும் ஒரு கனிமம். கால்சியமும் கந்தகமும் நீரும் சேர்ந்தது. அதைச் சுட்டுத் தூளாக்கி, மறுபடி நீர் சேர்த்துக் குழைத்து, இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே இறுகவைத்தால் ஜிப்சம் பலகை. இதன் முன்னோடியான பலகைக்கு அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-ல் காப்புரிமை பெற்றார். ஆரம்ப காலப் பலகைகளின் விளிம்பு திறந்தே இருந்தது. பின்னால்தான் முகக் காகிதத்தை விளிம்பில் மடித்து மூடும் முறை வந்தது.

இறுகிய ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர். தொட்டால் ஈரம் தெரியாது, கனிமத்தோடு பிணைந்திருக்கிறது. தீப்பட்டால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும்வரை பலகை சூட்டைத் தாங்குகிறது. மரப்பலகைத் தடுப்பைவிட இது நல்லதென்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சுவருக்கு 12 மில்லிமீட்டர் அளவில் தடித்த பலகை வேண்டும். 9 மில்லிமீட்டர்ப் பலகை சீலிங்குக்கு உரியது. மலிவாயிருக்கிறதே என்று அதைச் சுவருக்குப் போட்டால் பிள்ளைகள் முட்டினாலே குழி விழும்.

மூன்று வகை விளிம்பு

முதலாவது, சரிவு விளிம்பு. கடையில் "டேப்பர் எட்ஜ்" என்று கேட்கவேண்டும். பலகையின் இரண்டு நீண்ட ஓரங்களிலும், முகப்புப் பக்கத்தில், சுமார் 2 அங்குல அகலத்துக்கு ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். இப்படி இரண்டு பலகைகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஓர் ஆழமில்லாத பள்ளம் உண்டாகும். பூச்சும் காகிதப் பட்டையும் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கிவிடும். சுவர் மட்டமாக நிற்கும்.

இரண்டாவது, நேர் விளிம்பு. "ஸ்குவேர் எட்ஜ்" என்பார்கள். இதில் பள்ளம் கிடையாது. மூட்டின்மேல் பட்டை ஒட்டிப் பூசினால் பூச்சு சுவருக்கு மேலே மேடாக நிற்கும். மேட்டை மறைக்கப் பட்டையை விட்டுவிட்டால், என் வீட்டில் நடந்ததுபோலப் பிளக்கும். நேர் விளிம்பு பயனற்றதென்று நினைக்கவேண்டாம். மூட்டின்மேல் சட்டம் அடித்து மறைக்கப் போகிறவர்களுக்கும், சுவர் முழுதும் பூச்சு இழுக்கப் போகிறவர்களுக்கும் அது பொருந்தும். மூட்டே தெரியாத வழவழப்பான சுவர் வேண்டுமென்பவர்களுக்கு அது ஏற்றதன்று.

மூன்றாவது, முனை செதுக்கிய விளிம்பு. இரண்டு பலகைகள் சேருமிடத்தில் ஒரு சிறு கால்வாய் தெரியும். அந்தக் கோடு அழகுக்காகவே தெரியவேண்டும் என்பவர்களுக்கு உரியது இது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கடையிலேயே ஒரு மட்டக்கோலைப் பலகையின் குறுக்கே, ஓரம் வரைக்கும் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் கோலுக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சரிவு விளிம்பு. கோல் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளிருந்து ஓரம் நோக்கி விரலால் தடவுங்கள். விரல் இறங்குவது தெரியும்.

கூடவே மூலை நொறுங்கியிருக்கிறதா, காகிதம் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பலகை 25 கிலோ வரை கனக்கும். லாரியிலிருந்து இறக்கும்போது மூலையில் ஊன்றினால் நொறுங்கிவிடும். வீட்டில் மட்டமான இடத்தில் கட்டைகளின்மேல் படுக்கவைத்து அடுக்குங்கள். ஈரத் தரையில் சாய்த்து வைத்தால் அடி ஊறிவிடும், நடு வளைந்துவிடும்.

அளவுக் கணக்கு

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். சரிவு நீண்ட ஓரங்களில் மட்டுமே உண்டு. குறுகிய இரு முனைகளிலும் கிடையாது. கத்தியால் வெட்டிய ஓரத்திலும் கிடையாது. எனவே நீண்ட ஓரங்கள் மட்டுமே ஒன்றோடொன்று சேரும்படி திட்டமிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

என் வீட்டுச் சுவரையே எடுத்துக்கொள்வோம். உயரம் 10 அடி. 8 அடிப் பலகையை நிறுத்தினால் மேலே 2 அடி துண்டு விழும். துண்டும் பலகையும் சேருமிடத்தில் சரிவு இல்லை. 12 அடிக்கும் ஒரே கோடாக அந்த மூட்டு ஓடும். அதற்குப் பின்னால் இரும்புச் சட்டமும் வைக்கப்படவில்லை. பிளக்காமல் என்ன செய்யும்?

சரியான வழி இரண்டு. ஒன்று, 10 அடிப் பலகை கிடைக்குமா என்று கேட்பது. 3,048 மில்லிமீட்டர் என்று சொல்லிக் கேளுங்கள். கிடைத்தால் பக்கத்துக்கு 3 பலகை போதும். குறுக்கு மூட்டே கிடையாது.

இரண்டு, 8 அடிப் பலகையையே படுக்கவைத்துப் பொருத்துவது. கீழ் வரிசை 4 அடி, நடு வரிசை 4 அடி, மேல் வரிசை 2 அடி. மொத்தம் 10 அடி. மேல் வரிசைக்கு ஒரு பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒவ்வொரு பாதியிலும் ஒரு சரிவு விளிம்பு மிஞ்சும். சரிவைக் கீழே வைத்து, வெட்டிய ஓரத்தை மேலே சீலிங் பக்கம் வைக்கவேண்டும். அங்கே ஓரச் சட்டம் அதை மறைத்துவிடும். 12 அடி நீளத்துக்கு ஒரு வரிசையில் 8-ம் 4-ம், அடுத்த வரிசையில் 4-ம் 8-ம் என்று மாற்றி வைத்தால், முனை மூட்டுகள் ஒரே கோட்டில் வராமல் செங்கல் அடுக்கு போல விலகி நிற்கும். அந்த முனைகள் கட்டாயம் செங்குத்துச் சட்டத்தின்மேல் உட்காரவேண்டும். சட்டங்களை 2 அடிக்கு ஒன்றாக நிறுத்தினால் எல்லாம் ஒத்துவரும். இந்த வழியில் பக்கத்துக்கு 4 பலகை ஆகும்.

இன்னொரு எச்சரிக்கை. "நாலடிப் பலகை" என்று கடைக்காரர் சொல்வது சில சமயம் 1,200 மில்லிமீட்டராக இருக்கும். உண்மையான 4 அடி என்பது 1,219 மில்லிமீட்டர். ஒரு பலகையில் வித்தியாசம் தெரியாது. 12 அடிச் சுவருக்கு மூன்று பலகையை வைத்து முடிக்கும்போது 2 அங்குலத்துக்கு மேல் வாய் பிளந்து நிற்கும். ஆகவே பலகையை அளந்துவிட்டுச் சட்டம் நிறுத்துங்கள். சட்டம் நிறுத்திவிட்டுப் பலகை தேடாதீர்கள்.

கதவு இருக்குமிடத்தில் நிலையின் ஓரத்துக்கு நேராக மூட்டு வரக்கூடாது. கதவு அடிக்கும் ஒவ்வோர் அதிர்ச்சியும் அந்த மூலையில்தான் போய்ச் சேருகிறது. பலகையின் மூலையைக் கதவுக்கு ஏற்ப வெட்டி எடுத்து, மூட்டு கதவுத் தலைக்கு மேலே நடுவில் வரும்படி செய்யவேண்டும்.

திருகாணி

பலகையைத் தரையிலிருந்து 10 மில்லிமீட்டர் தூக்கி நிறுத்துங்கள். தரை கழுவும் நீர் ஏறாது. அந்த இடைவெளியை அடிச் சட்டம் மறைத்துவிடும். திருகாணிகளை 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, காகிதம் மூடிய ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டராவது தள்ளி, வெட்டிய ஓரத்திலிருந்து 15 மில்லிமீட்டராவது தள்ளி முடுக்கவேண்டும். தலை காகிதத்துக்குச் சற்றுக் கீழே அமுங்கினால் போதும். காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனால் அந்த ஆணி பலகையைப் பிடிக்காது. பக்கத்தில் இன்னொன்று போடவேண்டியதுதான்.

சாமி மேடையோ, புத்தக அடுக்கோ, தொலைக்காட்சியோ அந்தச் சுவரில் மாட்டும் எண்ணமிருந்தால், பலகை மூடுமுன்னரே உள்ளே ஒரு குறுக்குக் கட்டையை வைத்துவிடுங்கள். வெறும் பலகை பாரம் தாங்காது.

மூட்டை மூடுவது

மூட்டுக்கென்று தனிப் பூச்சு உண்டு. "ஜாயிண்ட் காம்பவுண்ட்" என்று கேளுங்கள். சாதாரணப் பட்டி இதற்கு உதவாது. தூளாக வருவது நீர் சேர்த்தபின் குறித்த நேரத்தில் தானே இறுகும். வாளியில் குழைத்தே வருவது காற்றில் காய்ந்துதான் இறுகும், காயும்போது சுருங்கும். முதல் பூச்சுக்குத் தூள் வகையும் மேல் பூச்சுக்கு வாளி வகையும் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். தூளைக் குழைக்கும் வாளியை ஒவ்வொரு முறையும் சுத்தமாகக் கழுவுங்கள். முன்பு இறுகிய துணுக்குகள் ஒட்டியிருந்தால் புதிய கலவை கைக்கு அடங்காமல் வேகமாக இறுகிவிடும்.

பட்டையிலும் இரண்டு வகை. வலைப் பட்டையில் பசை உண்டு, நேரே ஒட்டலாம். வேலை சுலபம். ஆனால் அதன்மேல் தூள் வகைப் பூச்சைத்தான் முதலில் பூசவேண்டும். காகிதப் பட்டை ஒட்டுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். ஆனால் இழுவையை நன்றாகத் தாங்கும். மூலைகளுக்கு ஏற்றது, அதன் நடுவில் மடிப்புக் கோடு இருக்கும்.

அந்த அண்ணன் காகிதப் பட்டை ஒட்டுவதைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். "இதத்தானே நாங்க லயத்துல செஞ்சோம்! பலகை இடுக்குல குளிர் காத்து வரும். மாவுப் பசை காய்ச்சி, பழைய பேப்பரக் கிழிச்சு ஒட்டுவோம். பசைய கஞ்சத்தனமா தடவினா மறுநாளே காத்துல படபடன்னு அடிக்கும்" என்றார்.

அண்ணன் வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பாட்டிம்மா சொன்னதுதான் இதுல பாதி வேலை." பட்டையின் அடியில் பூச்சு குறைந்தால் காற்றுக் குமிழ் தங்கும். பின்னால் அது உப்பி வரும். ஆகவே முதலில் மூட்டை நிரப்பி, ஈரம் இருக்கும்போதே பட்டையை வைத்து, தகட்டை ஒரே அழுத்தமாக இழுத்து, மிகுதியை வெளியேற்றவேண்டும்.

அதன்பின் மூன்று பூச்சு. முதல் பூச்சு 4 அங்குல அகலம், பட்டை உட்காருவதற்கு. இரண்டாவது 8 அங்குலம், பள்ளத்தை நிரப்புவதற்கு. மூன்றாவது 12 அங்குலம். ஓரம் கண்ணுக்குத் தெரியாமல் மெலிந்து மறைவதற்கு. ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபிறகே அடுத்தது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வாளி வகைப் பூச்சு காய ஒரு முழு நாள் ஆகும். மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஆகும். ஈரமான இடம் மங்கலாகத் தெரியும். காய்ந்தால் ஒரே சீராக வெளுக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே சரியாகப் பொருந்தும். முதலில் வந்தவர் இரண்டு நாளில் முடித்ததைக் கண்டு மகிழ்ந்தேனே, அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

சரிவில்லாத மூட்டு வந்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் இதுதான் சிக்கல். பலகைகளையெல்லாம் கழற்றி எறிய மனம் வரவில்லை. அண்ணன் மேல் துண்டுகளை மட்டும் கழற்றி, மூட்டுக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் வைத்து, திரும்ப முடுக்கினார். பழைய பட்டியைச் சுரண்டி எடுத்தார். இரண்டு விளிம்புகளின் முனையையும் கத்தியால் சாய்வாகச் செதுக்கி, இடையில் 3 மில்லிமீட்டர் வாய் விட்டார். தூள் வகைப் பூச்சால் நிரப்பி, காகிதப் பட்டை ஒட்டி, மேல் பூச்சை இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி விரித்து இழுத்தார். மேடு இல்லாமல் போகவில்லை. ஆனால் 2 அடி அகலத்தில் பரவிவிட்டதால் கண்ணுக்குப் படவில்லை. சரிவு விளிம்பாக இருந்திருந்தால் இதில் பாதி உழைப்பும் பாதிப் பூச்சும் போதுமாயிருந்திருக்கும்.

வெளி மூலைகளுக்கு, அதாவது பிள்ளைகள் ஓடும்போது இடித்துக்கொள்ளும் முனைகளுக்கு, உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ மூலைச் சட்டம் விற்கிறார்கள். அதைப் பொருத்தி அதன்மேல் பூசுங்கள். வெறும் காகிதம் அங்கே தாங்காது.

தேய்ப்பதும் தூசியும்

தேய்க்கும்போது அறையின் நடு விளக்கை நம்பாதீர்கள். டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் அடியுங்கள். மேடும் பள்ளமும் நிழலாகக் காட்டிக்கொடுக்கும். சன்னலை ஒட்டிய சுவரில் காலை வெயில் இதே வேலையைச் செய்யும். அங்கே கூடுதல் கவனம் வேண்டும். 150-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220-ல் முடிக்கலாம். பூச்சை மட்டும் தேயுங்கள். பலகையின் காகிதம் மயிர்போல எழும்பும்வரை தேய்க்காதீர்கள்.

அந்த வெள்ளைத் தூசி சாதாரணமானதன்று. பூச்சுகளில் டால்க், மைக்கா போன்றவை கலந்திருக்கும், சிலிக்காவும் இருக்கலாம். முகமூடி அணியுங்கள். சன்னலைத் திறந்துவையுங்கள். இயன்றால் ஈரப் பஞ்சால் துடைத்து மட்டமாக்குங்கள், தூசியே எழாது. ஆஸ்த்மா உள்ளவர்களையும் குழந்தைகளையும் அந்த நாட்களில் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அம்மாவை நான் அக்காள் வீட்டில் விட்டிருந்தேன். தேய்ப்பு வேலை முடிந்தபிறகே அழைத்து வந்தேன்.

இதைவிட முக்கியமான ஒன்று. பழைய தோட்ட வீடுகளிலும் பழைய பட்டணத்து வீடுகளிலும் சீலிங்கிலோ தடுப்பிலோ சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு இருக்கும். அவற்றுள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் கலந்திருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். சந்தேகமிருந்தால் அதை உடைக்காதீர்கள், துளையிடாதீர்கள், தேய்க்காதீர்கள். அந்த நுண்ணிய நார் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வரக்கூடும். மலேசியாவில் 1986-லேயே கல்நார் வேலைகளுக்கென்று தனி விதிமுறைகள் வந்தன என்றால் அதன் ஆபத்தை எண்ணிப் பாருங்கள். அதற்குப் பழக்கப்பட்டவர்களைக் கொண்டே அப்புறப்படுத்துங்கள்.

சாயம்

காகிதமும் பூச்சும் சாயத்தை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. நேரே சாயமடித்தால் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் மூட்டு பட்டை பட்டையாகத் தெரியும். முதலில் "சீலர்" எனப்படும் அடிச்சாயம் ஒரு பூச்சு கட்டாயம். மேலே பளபளப்பில்லாத சாயம் அடித்தால் சிறு குறைகள் மறையும்; பளபளக்கும் சாயம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

குளியலறைக்கும் கழுவுமிடத்துக்கும் இந்தச் சாதாரணப் பலகை ஆகாது. பச்சை முகமுள்ள நீர் எதிர்ப்புப் பலகை ஈரக் காற்றைத் தாங்கும். நேரே நீர் படும் இடத்துக்குச் சிமெண்டுப் பலகைதான் ஏற்றது. சட்டத்துக்கு மரம் போடாமல் துத்தநாகம் பூசிய இரும்பு போட்டால் கரையானுக்குத் தீனி குறையும். ஆனால் பலகையின் காகிதத்தையும் கரையான் தின்னும் என்பதை மறக்கவேண்டாம். ஏற்கனவே கரையான் உள்ள வீட்டில் முதலில் அதை ஒழித்துவிட்டே இந்த வேலையில் இறங்குங்கள். அறைக்குச் சன்னலும் காற்றும் இருக்கும்படி தடுங்கள். அடுக்குமாடியில் வசிப்பவர்கள் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

கடைசிக் கணக்கு

பலகையில் நான் மிச்சம் பிடித்தது 24 வெள்ளி. அதைச் சரிசெய்யக் கூலியும் சாமானுமாக 380 வெள்ளி செலவானது. பணத்தை மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். அம்மா தூங்காமல் கிடந்த இரவுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

முதலில் வந்த வேலையாளை மட்டும் குறை சொல்லமாட்டேன். தவறான பலகையை வாங்கிக் கொடுத்தவன் நான். விரைவாக முடியுங்கள் என்று துரிதப்படுத்தியவனும் நான். வேலை தெரிந்தவரிடம் கேட்காமல் விலையை மட்டும் பார்த்தவனும் நானே. இந்தப் பகுதியைப் படிப்பவர்களில் ஒருவராவது கடையில் நின்று, மட்டக்கோலை வைத்து, விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பாரானால் என் 380 வெள்ளி வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்வேன்.

வேலை முடிந்து சாயமும் காய்ந்த அன்று மாலை அம்மாவை அறைக்கு அழைத்துச் சென்றேன். அவர் எதுவும் பேசவில்லை. சுவரின் அருகே போய், பால்மரத்தில் கத்தி பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்களால் மூட்டு இருந்த இடத்தைத் தேடித் தேடித் தடவினார். பிறகு, "எங்கய்யா ஒட்டினாங்க, தெரியலையே?" என்றார். அன்றிரவு அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு சீக்கிரமே அணைந்துவிட்டது.

அடுத்த இதழில் மழைக்காலத்துக்கு முன் வீட்டுக் கூரையில் கவனிக்கவேண்டியவற்றைப் பார்ப்போம்.